இடச்சில்லுக்கு இருபத்தெட்டு

வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும்.
ஓடிவந்த சூட்டில் ரயர் பொய் சொல்லும்,
இரண்டு இறாத்தல், சில நேரம் மூன்று.
ஆகவே ஐந்தரை மணிக்கு
நைற்றியோடு, சின்னப் பலகையில் குந்தி
வால்வு மூடியைக் கழற்றுகிறேன்.
பொய்க்கால் இன்னும் கட்டிலடியில்.

மூடியை வாயில் கவ்விக்கொள்வேன்.
முன்பு நிலத்தில் வைத்ததைக்
கோழி கொத்திப் போய்விட்டது.

பாணுக்கும் இறாத்தல், காற்றுக்கும் இறாத்தல்.
கேஜ் கிளிநொச்சியில் வாங்கியது,
ஆயிரத்து நானூற்று ஐம்பது.
வாங்கும்போது மனம் பள்ளிச்சட்டைக் கூலியாய்
மாற்றிப் பார்த்தது. பிறகு நிறுத்திக்கொண்டது.

ஸ்கூட்டரோடு வந்த புத்தகத்தில்
இரண்டு சில்லுக்குத்தான் கணக்கு.
பின்சில்லைக் கழற்றி, அச்சுப் போட்டு
அதை இரண்டாக்கியது பரந்தன் வெல்டிங் கடை.
எவ்வளவு காற்று என்று அவரிடம் கேட்டேன்.
'ஓட ஓடத் தெரியும், தங்கச்சி.'

கால் எப்படிப் போனதென்று
கேட்காதவர் இந்தப் பக்கம் குறைவு.
சில்லுக்கு எவ்வளவு என்று
ஒருவரும் கேட்டதில்லை.

சமமாய் அடித்து ஓடிய மாதங்களில்
கைபிடி இடப்பக்கமே இழுத்தது,
மேய்ந்து ருசிகண்ட வயலுக்கு
மாடு இழுப்பதுபோல.
மணிக்கட்டு வீங்கிக் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.
ஒருநாள் குனிந்து பார்த்தேன்:
இட ரயரின் ஓரம் இரண்டும்
மொட்டையாய்த் தேய்ந்திருந்தது.
வண்டி கோணல் இல்லை.
நான்தான் இடப்பக்கம் சாய்ந்து குந்துகிறேன்,
இருக்கிற காலை நம்பி.

அரை அரை இறாத்தலாய்ப் பதினொரு நாள்.
ஊராரின் தோள், இடுப்பு, கை நீளம் எழுதும் கொப்பியில்
கடைசிப் பக்கத்தில் என் அளவு:
முன் 22. வலது 25. இடது 28.

மல்லாவியில் காற்றடிக்கும் யதுகுலன்
நல்ல பொடியன்.
நான் நூல்கடைக்குள் நின்ற நேரம்
கேளாமலே அடித்துவைத்தான்.
'மூண்டுக்கும் முப்பத்திரண்டு, அக்கா.
இறுக்கமா இருந்தாத்தான் நல்லது.
காசு வேண்டாம்.'
காசைக் கொடுத்தேன்.

வவுனிக்குளக் கட்டில் ஏறியதும்
கிறவலின் ஒவ்வொரு கல்லையும்
பல்லால் எண்ணினேன்.
இடப்பக்கம் தண்ணீர். கைபிடியும் அங்கேதான்.
பின்பெட்டி திறந்து
பதினாறு வெள்ளைச் சட்டை செம்மண்ணில்.

நிறுத்தி, கொண்டை ஊசியால் வால்வை அழுத்தினேன்.
வலை உதறிக்கொண்டிருந்தவன் கத்தினான்:
'ஐயோ, காத்துப் போகுது!'
'போகட்டும்,' என்றேன்.
அவன் வலையை விட்டுவிட்டுப் பார்த்தான்,
ஒருத்தி தன் ரயரைத் தானே
கொஞ்சம் கொஞ்சமாய்க் களவெடுப்பதை.

திரும்பி வந்து பேசினேன், நன்றாகவே பேசினேன்.
அழுக்குச் சட்டைகளையும் காட்டினேன்.
யதுகுலன் ஒன்றும் சொல்லாமல்
சோக்கட்டியை எடுத்துச் சுவருக்குப் போனான்.
லொறி, லான்ட்மாஸ்டர், ஆட்டோ,
அவற்றின் கீழே
'புஸ்பராணி அக்கா 22 – 25 – 28.'
ஆட்டோக்காரர் பார்த்துச் சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டவில்லை.

ஆவணியில் யாழ்ப்பாணம் போய்ப் புதுக்கால் போட்டேன்.
பழையதைவிடப் பாரம் குறைவு,
தொடையைக் கடிக்காது.
அடுத்த கிழமையே வண்டி வலப்பக்கம் இழுத்தது.
உடைமுள்ளோ என்று தடவினேன். இல்லை.
வால்வில் எச்சில் தொட்டு வைத்தேன்,
குமிழவில்லை.
கேஜையும் சந்தேகித்து
யதுகுலனின் கேஜால் அளந்தேன், அதே எண்.
மூன்று நாள் ரயரைத் திட்டிய பிறகுதான்
தையல்கடைக் கண்ணாடியில் கண்டேன்:
இரண்டு தோளும்
ஒரே மட்டத்தில்.

இன்று காலை
வலது இருபத்தாறு.
இடது இருபத்தாறரை. அரை இன்னும் விடாது.

சுவரில் பழைய எண்தான் இருக்கிறது.
மல்லாவி போனால் முதல் வேலை,
அவன் பம்மைத் தொடுமுன்
சொல்லிவிட வேண்டும்.